பேரெழுத்தும் வளைகோடும்

தமிழ் எழுத்து வரலாறு எழுதப் புகுந்தோர் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அச்சுநூல் ஆகியவற்றையே பெரிதும் சான்றாகக் கொண்டனர். இவை யாவும் கண்ணுக்கு அருகே வைத்துப் படிக்கப்படுவன. தெருவின் மறுமுனையிலிருந்து படிக்கப்படும் எழுத்தும் ஒன்றுண்டு. கடையின் பெயர்ப்பலகை, திரையரங்கின் முகப்புப் பதாகை, மதிற்சுவர் விளம்பரம், லாரியின் நெற்றி, இலக்கிய விழா மேடையின் பின்திரை ஆகிய இடங்களில் நிற்பது அதுவே. இக்கட்டுரை அதனைப் பேரெழுத்து என்று குறிக்கிறது. நூலெழுத்துக்கு வரலாறு எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பேரெழுத்துக்கு எழுதப்படவில்லை என்பது எழுத்தாய்வில் பழகியோர் எளிதில் உணரக்கூடியதே.

பேரெழுத்தின் தலையாய சிக்கல் வளைவு. ட, ப ஆகியவற்றை எத்துணைப் பெரிதாக்கினும் பிழை நேராது. நூலும் அளவுகோலும் போதும். ண, ஞ, ஐ, ஜ, ழ ஆகியவற்றின் நிலை வேறு. விரல்நகத்தளவில் ஒழுங்காகத் தோன்றிய சுழி ஆளுயரத்தில் கோணிப்போகும். இல்லையேல் படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும். சிறிய வடிவைப் பெருக்கும்போது அதன் வளைவை வழுவழுப்பாகக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தன் கருவிக்கு ஏற்ற விடையைக் கண்டது. அவ்விடைகளுள் பலவற்றை ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு உண்டு. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இம்மலரில் அதனை எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

கல்லும் ஓலையும்

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்கும் மலையில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்குமாக இரு குடைவரைகள் உள்ளன. அதியர் மரபினனான குணசீலனின் பெயரைச் சொல்லும் கிரந்தக் கல்வெட்டு இங்கு உண்டு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய பணி இது என்பர். இதற்கு வடக்கே தருமபுரிப் பகுதி நடுகற்களில் வட்டெழுத்து மிகுதி. அப்பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது என்பதையும், நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது என்பதையும் நினைவிற்கொண்டால், பழைய சேலம் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருவேறு வளைவு மரபுகள் கல்லில் நின்றன என்பது விளங்கும்.

கல்லில் எழுத்து வெட்டுவோர் முதலில் வண்ணத்தால் எழுதிக்கொண்டு பின்னரே உளி பிடிப்பர். இன்றும் அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கல் வெட்டும் பட்டறைகளில் இதனைக் காணலாம். உளி வளைவை அறியாது. அது சிறுசிறு நேர்வெட்டுகளையே அறியும். வெட்டுகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்கு அவை வளைவாகத் தோன்றும். ஆயின் எந்த வெட்டு எங்கே விழவேண்டும் என்பதை முன்னரே எழுதப்பட்ட வண்ணக்கோடு சொல்லிவிடுகிறது. கோடு ஒன்று, அதனை நிறைவேற்றும் புள்ளிகள் வேறு என்னும் இப்பகுப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

ஓலை நேர்கோட்டில் கிழியும். ஆதலின் தமிழ் எழுத்து வட்டமாயிற்று என்னும் விளக்கம் பள்ளிப் பாடம் வரை சென்றுவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ட, ப, ம என்பனவும் அதே ஓலையில்தான் பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டன, கிழிந்து போகவில்லை. எழுதுபொருளை மட்டுமே காரணமாகக் காட்டி, எழுதிய கையின் விருப்பத்தையும் விரைவையும் மறந்துவிடுவது ஆய்வாளர்க்கு வசதியான குறுக்குவழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சு வந்தபோது பேரெழுத்துக்கு நன்மை சிறிதே விளைந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கி, தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுப்பணி வழியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை அச்சகங்கள் வரை அச்சு வார்த்தோரின் கவலையெல்லாம் எழுத்தைச் சிறிதாக்குவதிலேயே இருந்தது. தாளின் விலை அப்படி. ஈய எழுத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வெட்டியாக வேண்டும். மிகப் பெரியனவற்றை ஈயத்தில் வார்த்தால் எடை தாங்காது என்பதால் மரத்தில் செதுக்கினர். நாடக நோட்டீசுகளிலும் சுவரொட்டிகளிலும் நிமிர்ந்து நின்றவை அம்மர எழுத்துகள். சுவரொட்டிக்கு மேல் அச்சால் போக இயலவில்லை. அதற்கு மேற்பட்ட அளவெல்லாம் தூரிகைக்குரியதாயிற்று.

தூரிகை பிடித்தோர்

சேலத்தில் 1930களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1956இல் வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெயரை இந்நிறுவனத்திற்கு ஈட்டித் தந்தது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியிருப்பதை அறியாதார் இலர். படங்களைப் பற்றி நூல்கள் வந்துள்ளன. அப்படங்களின் பெயர்களைத் திரையரங்க முகப்புகளில் ஆளுயரத்தில் எழுதிய கைகளைப் பற்றி ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

பதாகை ஓவியர் பின்பற்றியது கட்டம் போடும் முறை. சிறிய படத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்துக் கட்டங்களாக்குவர். பதாகைத் துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போடப்படும். சிறு கட்டத்தின் எந்தப் பக்கத்தை, எந்த இடத்தில் வளைவு கடக்கிறது என்பதைப் பார்த்து, பெருங்கட்டத்திலும் அதே விகிதத்தில் ஒரு குறி. பின்னர் குறிகளைத் தூரிகையால் இணைத்துவிடுவர். இங்கே பெரிதாக்கப்படுவது படம் அன்று. வளைவு செல்லும் இடங்களின் கணக்கு மட்டுமே என்பது நோக்கத்தக்கது. இடைப்பட்ட வளைவைக் கை புதிதாகப் பிறப்பிக்கிறது. ஆதலின் அதில் உடைவு இல்லை.

எழுத்துக்கு அத்துணைக் கட்டங்களும் தேவைப்படுவதில்லை. சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுண்டி மேல்வரை, கீழ்வரை இரண்டை இட்டால் போதும். தேர்ந்த எழுத்தோவியர் சிறு சுழியை மணிக்கட்டாலும், பெருவளைவைத் தோளாலும் எழுதுவார். தோள் ஒரு கவராயம் போல் இயங்குகிறது. அவர் எழுத்து சிறியதாகப் பிறந்து பெரியதாக வளர்க்கப்பட்டதன்று, பிறக்கும்போதே பேரெழுத்து.

இவ்விடத்தில் நாமக்கல் கவிஞரை நினையாமல் செல்ல மனம் வரவில்லை. மோகனூரில் 1888இல் பிறந்து, 1949இல் அரசவைக் கவிஞராகிய வெ.இராமலிங்கம் பிள்ளை ஓவியராகவும் வாழ்ந்தவர். அவரது பாட்டைப் போற்றும் இலக்கிய அமைப்புகள் அவரது தூரிகையை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. சங்க இலக்கியத்தில் எழுதுதல் என்னும் சொல் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது என்று வகுப்பறைகளில் சொல்கிறோம். சொல்லிய கையோடு எழுத்தையும் ஓவியத்தையும் வேறுவேறு துறைகளாக்கிப் பூட்டியும் விடுகிறோம்.

லாரித் தொழில் இவ்வட்டாரத்திற்கு வேறொரு பேரெழுத்து மரபைத் தந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களின் பட்டறைகளில் வெறும் அடிச்சட்டமாக வந்துசேரும் வண்டிக்கு மரத்தாலும் தகட்டாலும் உடல் கட்டி, வண்ணம் பூசி, எழுத்தும் எழுதி அனுப்புவர். முகப்பில் தெய்வத்தின் அல்லது குழந்தைகளின் பெயர். பக்கப் பலகையில் உரிமையாளரின் ஊர். பின்புறம் ஒலி எழுப்பச் சொல்லும் வேண்டுகோள். இவ்வெழுத்து ஓடிக்கொண்டே படிக்கப்படுவது. பஞ்சாபிலும் அசாமிலும் தமிழறியாதார் கண்ணிலும் படுவது. பட்டை கட்டுதல், நிழல் தள்ளுதல், இரு வண்ணங்களை ஒன்றில் ஒன்று கரையவிடுதல் எனப் பல நுட்பங்கள் இதில் உண்டு.

புள்ளியும் பாதையும்

2000ஆம் ஆண்டிற்குப் பின் பிளக்ஸ் அச்சுப்பொறிகள் பரவியதும் பதாகை எழுத்தின் நிலை மாறிற்று. ஒரு வாரப் பணி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஓவியர் பலர் தூரிகையை வைத்துவிட்டுக் கணினி முன் அமர்ந்தனர். பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். அதே வேளையில், தூரிகைக் காலத்தில் இல்லாத ஒரு குறை தோன்றியது. அதுவே உடைந்த வளைவு. நம் வட்டத்தின் மேடைத் திரையிலேயே ஓராண்டு ணகரச் சுழிகள் மூன்றும் படிக்கட்டுகளாக நின்றன. அச்சிட்டோர் யார் என்பது ஈண்டு வேண்டா. அது ஏன் நேர்ந்தது என்பதே வேண்டும்.

கணினியில் ஒரு வடிவைச் சேமிக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, வடிவை நுண்ணிய சதுரப் புள்ளிகளாக்கி ஒவ்வொன்றின் நிறத்தையும் குறித்துவைப்பது. நிழற்படங்கள் யாவும் இவ்வகையே. மற்றொன்று, வடிவின் விளிம்பு செல்லும் பாதையைக் கணக்காகக் குறித்துவைப்பது. இதனைத் தொழிலில் வெக்டார் என்பர்.

முதல் வழியின் எல்லையை ஒரு கணக்கு தெளிவாக்கும். வாட்சப்பில் வந்த, 600 புள்ளி அகலமுள்ள ஒரு படத்தை 20 அடி, அதாவது 240 அங்குலப் பதாகையாக்கினால், ஓர் அங்குலத்திற்கு இரண்டரைப் புள்ளிகளே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சென்டிமீட்டர்ச் சதுரம். நல்ல பார்வையுடையோர்க்கு அச்சதுரம் ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவு வரை தனியே தெரியக்கூடும். மேடையின் முன்வரிசை அத்துணைத் தொலைவில் இல்லை. விளிம்பைச் சாம்பல் நிறப் புள்ளிகளால் மழுப்பும் உத்தி ஒன்றுண்டு. சிற்றளவில் அது கண்ணை ஏமாற்றும். பேரளவில் படிக்கட்டுக்கு மாற்றாகப் புகைமூட்டத்தையே தரும்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே சென்றால் என்ன எனலாம். 20 அடிக்கு 10 அடிப் பதாகையை அங்குலத்திற்கு 72 புள்ளி வீதம் அமைத்தால் ஏறத்தாழ 15 கோடிப் புள்ளிகள் ஆகும். நான்கு மைகளுக்கும் சேர்த்து 60 கோடி பைட்டுகள். அவ்வளவையும் சுமந்த பின்னும் பதாகையை நாளை 40 அடியாக்க வேண்டுமெனில் மீண்டும் அதே சிக்கல். பாதையாகக் குறிக்கப்பட்ட ஒரு ணகரத்திற்கோ ஓராயிரம் பைட்டுகள் போதும். அதனை அஞ்சல்தலை அளவிலும் அச்சிடலாம், நாமக்கல் மலையளவிலும் அச்சிடலாம்.

அச்சுப்பொறியும் இறுதியில் மையைப் புள்ளிகளாகத்தானே தெளிக்கிறது என்று கேட்பது முறையே. ஆயின் புள்ளியாகும் வேளை வேறு. படத்தில் எழுத்து முதலில் புள்ளியாகி, அப்புள்ளிகள் பின்னர் பெருக்கப்படுகின்றன. பாதையில் எழுத்து முதலில் பெருகி, முழுவளவை எய்திய பின்னரே புள்ளியாகிறது. கற்றச்சரின் வண்ணக்கோட்டிற்கும் உளிவெட்டிற்கும் உள்ள உறவே இங்கும் நிலவுகிறது.

படத்தைத் திருத்தும் மென்பொருள்களுள் பெயர்பெற்ற போட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது புள்ளிகளை மட்டுமே அறிந்திருந்தது. 1991இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேனாக் கருவியும் பாதைகளும் சேர்ந்தன. வடிவையும் எழுத்தையும் பாதையாகவே இறுதிவரை வைத்திருக்கும் வசதி 2000இல் வந்த ஆறாம் பதிப்பில் கிட்டிற்று. 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டரும் 1989இல் வந்த கோரல்டிராவும் தொடக்கம் முதலே பாதைக்குரியவை. நம்மூர் வடிவமைப்பாளர் பெரும்பாலோர் எழுத்தைக் கோரலிலும் முகங்களைப் போட்டோஷாப்பிலும் அமைப்பது இக்காரணத்தாலேயே. எல்லாவற்றையும் போட்டோஷாப்பிலேயே செய்து, எழுத்தையும் படத்தோடு ஒன்றாக உருக்கிவிடும் அவசரத்தில்தான் நம் ணகரம் உடைந்தது.

மகிழுந்திலிருந்து லாரிக்கு

வளைவைக் கணக்காகக் குறிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை எழுத்தாளரிடமோ அச்சாளரிடமோ பிறக்கவில்லை. பிரான்சு நாட்டு மகிழுந்துத் தொழிற்சாலைகளில் பிறந்தது. பண்டு கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சிம்பை வளைத்து, எடைகளை வைத்து நிறுத்தி, அது தானே கொள்ளும் வளைவைக் கோடாக வரைந்தனர். மகிழுந்தின் உடலை இயந்திரம் வெட்டத் தொடங்கிய காலத்தில் சிம்பு போதவில்லை. இயந்திரத்துக்கு எண் வேண்டியிருந்தது. சித்ரோவன் நிறுவனத்தில் பணிபுரிந்த பால் தெ காஸ்தெல்ஜோ 1959இல் ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்துக்கொண்டது. 1960களில் ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே அதே வளைவைத் தனியே கண்டு வெளியிட்டார். பெயர் அவருக்குப் போயிற்று. முதலில் கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது நம் உரையாசிரியர் வரலாற்றிலும் அரிதன்று.

அம்முறை எளியது. நான்கு புள்ளிகள். முதலும் கடையும் வளைவின் இரு முனைகள். நடுவிலுள்ள இரண்டும் வளைவின்மேல் இருப்பதில்லை. வெளியே நின்று அதனைத் தம்பக்கம் இழுப்பன. நான்கையும் வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள் ஆகும். மூன்றின் நடுப்புள்ளிகளையும் குறித்து இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின்மேல் இருக்கும். நடு என்பதற்கு மாற்றாக மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று கொண்டு சென்றால் வளைவு முழுவதும் கிடைத்துவிடும். மார்கழியில் சிக்குக்கோலம் இடும் பெண்கள் இதனைக் கேட்டு வியக்கமாட்டார்கள். கம்பி புள்ளியைத் தொடாது; ஆயினும் புள்ளி இன்றிக் கம்பியின் போக்கு இல்லை. பெரிய கோலம் வேண்டுமெனில் சிறிய கோலத்தை உருப்பெருக்கியில் பார்ப்பதில்லை. புள்ளிகளைத் தள்ளி வைத்து மீண்டும் இடுகிறோம்.

இவ்வளைவு வட்டத்தைக்கூட முற்றச் சரியாகத் தராது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நான்கு துண்டுகளால் ஆக்கிய வட்டத்தில் பிழை ஆரத்தில் ஏறத்தாழ 0.027 விழுக்காடு. 10 அடி விட்டமுள்ள வட்டத்தில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எந்தத் தோளும் அவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை.

1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இவ்வளைவை அச்செழுத்தின் விளிம்புக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு லேசர் அச்சுப்பொறி அதனை மேசைக்குக் கொண்டுவந்தது. 1991இல் வந்த ட்ரூடைப் எழுத்துருக்கள் இதற்கு நெருங்கிய உறவான, மூன்று புள்ளி வளைவைக் கொண்டன. தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டி.டி.பி. நிலையங்கள் திறந்தபோது வந்த தமிழ் எழுத்துருக்கள் இவ்வகையினவே. நாமக்கல்லில் வண்டி உடல் கட்டும் பட்டறைகளுக்கு அருகே இன்று ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைகள் உள்ளன. அங்குள்ள வெட்டுப்பொறியின் கத்திக்குப் புள்ளி பயன்படாது. செல்லவேண்டிய பாதையைச் சொன்னால்தான் அது நகரும். மகிழுந்தின் உடலுக்காகப் பாரிசில் கண்ட வளைவு, லாரியின் உடலில் ஒட்டும் எழுத்தை நாமக்கல்லில் வெட்டிக்கொண்டிருக்கிறது.

கர்வ் ஆக்கப்பட்ட எழுத்து

பாதை இருந்தால் மட்டும் வளைவு அழகாகிவிடும் என்பதும் இல்லை. நல்ல எழுத்துருவாளர் சுழியின் உச்சி, அடி, இட எல்லை, வல எல்லை ஆகிய இடங்களில் மட்டும் கணு வைப்பார். ஒரு கணுவின் இருபுறக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும். இல்லையேல் அங்கே முறிவு தோன்றும். படத்தைத் தானே பாதையாக்கும் வசதியை நம்பினால் ஒரு ஞகரத்துக்கே நூறு கணுக்கள் விழக்கூடும். ஒவ்வொன்றிலும் ஒரு நடுக்கம். தொண்ணூறுகளின் தமிழ் எழுத்துருக்களுள் சில, நூலில் படிப்பதற்காக விரைந்து செய்யப்பட்டவை. அங்குலத்திற்கு 300 புள்ளி அச்சிடும் பொறியில் 12 புள்ளி அளவில் அவற்றின் மேடுபள்ளம் மறைந்திருந்தது. அதே எழுத்துரு 4 அடி உயரத்தில் நிற்கும்போது சுழியின் கழுத்தில் ஒரு கூன் தெரிகிறது. மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. கூன் எழுத்துருவின் கூன்.

பிளக்ஸ் கடைக்குக் கோப்பைக் கொண்டுசெல்வோரிடம் முதலில் கேட்கப்படுவது, கர்வ் ஆக்கிவிட்டீர்களா என்பதே. கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் சொற்கள் பொருளற்ற குறிகளாகிவிடும். அதனால் எழுத்தை முன்கூட்டியே வெறும் விளிம்புக்கோடாக மாற்றிவிடுகின்றனர். மாற்றியபின் கணினிக்கு அது தமிழ் அன்று. பிழை திருத்தவோ சொல்லைத் தேடவோ இயலாது. எழுதுதல் ஓவியமாக இருந்த நிலைக்கே எழுத்து திரும்பிவிடுகிறது. தொழிலுக்கு இது தேவையே. ஆயின் மெய்ப்புப் பார்ப்பது கர்வுக்கு முன் முடியவேண்டும் என்பதை விழா நடத்துவோர் மறக்கலாகாது. ஒற்று விடுபட்ட தலைவரின் பெயர் வழுவழுப்பான வளைவில் நிற்பது மேலும் வருத்தம் தரும்.

என் கவலை இதனினும் பெரிது. ஒரு காலத்தில் எழுத்தின் நடையைப் பார்த்தே எழுதிய கையைச் சொல்ல இயன்றது. இன்று சேலத்திலும் கன்னியாகுமரியிலும் அதே பத்துப்பன்னிரண்டு எழுத்துருக்களே நிற்கின்றன. தூரிகைக்காரர் எழுதிய வளைவுகளுக்கு அச்சு இல்லை, வார்ப்பு இல்லை, படியும் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் மறைந்தது; வண்டிக்கு மறுவண்ணம் பூசினால் மறைந்தது. அவற்றைக் காக்கும் கருவி, அவற்றை அழித்த கணினியிலேயே இருக்கிறது. பலகைக்கு நேர் எதிரே நின்று, ஓர் அளவுகோலையும் சேர்த்துப் படமெடுத்து, மிகச் சில கணுக்களால் விளிம்பைப் பாதையாக்கினால், அந்தத் தோளின் வளைவு எந்த அளவுக்கும் விரியக்கூடிய ஆவணமாகிவிடும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதற்கு நிகரான பணி இது. தமிழ்த்துறைகள் இதனை ஆய்வாக ஏற்கத் தயங்குவதற்குத் தக்க காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

எதனை முதலில் பதிவது என்றால், 1978 அக்டோபரில் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்களையே சொல்வேன். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேல் துதிக்கைபோல் எழுந்து வளைந்த கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றின் மடங்கிய காலும் அன்று அச்சில் மாறின. தூரிகை அரசாணையை உடனே பின்பற்றவில்லை. பழைய சத்திரங்களின் நெற்றியில் சுண்ணச்சாந்தில் புடைத்து நிற்கும் பெயர்களிலும், மரப்பலகை விளம்பரங்களிலும் அக்கொம்புகள் இன்னும் அங்கங்கே உள்ளன. அவற்றைக் கையால் எழுதிப் பழகியோர் எழுபது வயதைக் கடந்தும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். கொம்பை மேலிருந்து கீழே இழுப்பார்களா, கீழிருந்து மேலே தள்ளுவார்களா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. அவர்களையே எழுதச் சொல்லிப் பார்க்கவேண்டும்.